ஹவானா டீச்சர்களும் மியாமி குழந்தைகளும்

1957ல் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அமெரிக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. அறிவியல், கணக்கு, அந்நிய மொழி மூன்றிலும் பின்தங்கிவிட்டோம் என்று பதறி, 1958ல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டு வந்தார்கள். மொழிப்பாடத்தைப் பாதுகாப்புச் செலவில் சேர்த்த நாடு அது! மான்ட்ரியலைச் சேர்ந்த மூளை அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்ட் வேறு, மொழியைச் சின்ன வயதிலேயே ஆரம்பிக்க வேண்டும் என்று 1950களில் சொல்லிக்கொண்டிருந்தார். உடனே ஊர் ஊராகத் தொடக்கப் பள்ளிகளில் ஸ்பானிஷ், பிரெஞ்சு வகுப்புகள் முளைத்தன.

முளைத்த வேகத்திலேயே வாடியும் போயின. நாளைக்கு இருபது நிமிடம், அரை மணி நேரம் பாடம். சில இடங்களில் டீச்சருக்குப் பதில் டிவி பெட்டி. எண்ணிக்கையும் வண்ணங்களின் பெயரும் பாட்டாகப் பாடத் தெரிந்த குழந்தை மேல் வகுப்புக்குப் போனால், அங்கே மறுபடி முதலிலிருந்து. குழந்தைகளுக்குச் சொல்லித்தரப் பயிற்சி பெற்றவர்களே போதுமான அளவு இல்லை. பணம் கொட்டினால் கட்டடம் எழும்பும், ஆசிரியர் எழும்ப மாட்டாரே.

அந்த ஆசிரியர்கள் மியாமிக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார்கள்.

1959 ஜனவரியில் கியூபாவில் ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்தார். 1961ல் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆயின. 1962 அக்டோபர் ஏவுகணை நெருக்கடியோடு விமானங்கள் நிற்பதற்குள் சுமார் 2 லட்சம் பேர் நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். பெற்றோர் இல்லாமல் அனுப்பி வைக்கப்பட்ட குழந்தைகளே 14,000க்கு மேல். பெரியவர்களில் டாக்டர், வக்கீல், ஆசிரியர் எல்லாரும் இருந்தார்கள். ஆனால் ஹவானா பட்டத்துக்கு ஃபுளோரிடாவில் மதிப்பில்லை. வருஷக்கணக்கில் வகுப்பெடுத்த பெண்கள் ஓட்டலில் அறை துடைத்தார்கள், தொழிற்சாலையில் தைத்தார்கள். சீக்கிரமே திரும்பிப் போய்விடலாம் என்ற நம்பிக்கையில்தான் பல குடும்பங்கள் பெட்டியைக் கூட முழுசாகப் பிரிக்காமல் காத்திருந்தன.

அந்த நம்பிக்கைதான் பள்ளிக்கூடப் பிரச்சினையாகவும் ஆனது. நாளைக்கே ஊர் திரும்பினால் பிள்ளைக்கு ஸ்பானிஷ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டாமா?

டேட் மாவட்டக் கல்வித்துறையில் அப்போது பாலின் ரோஹாஸ் என்ற அம்மையார் இருந்தார். போர்ட்டோ ரிக்கோவில் ஆங்கிலம் கற்பிப்பதில் அனுபவம் உள்ளவர். அவரும் ரால்ஃப் ராபினெட்டும் ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியோடு 1963 செப்டம்பரில் கோரல் வே தொடக்கப் பள்ளியில் ஒரு சோதனை தொடங்கினார்கள். முதல் மூன்று வகுப்புகள் மட்டும். பாதி நாள் தாய்மொழியில், பாதி நாள் அடுத்த மொழியில். கியூபாக் குழந்தைக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தால் போதும் என்று நிறுத்தாமல், ஆங்கிலக் குழந்தைக்கும் ஸ்பானிஷ் என்றார்கள். அரை மணி நேரப் பாட்டு அல்ல. காலையில் தன் மொழியில் படித்த கணக்கையும் அறிவியலையும் மதியம் இன்னொரு மொழியில் மறுபடி பார்ப்பது. ஓவியம், இசை, விளையாட்டு, சாப்பாடு எல்லாம் இரு தரப்பும் கலந்து.

ஒரு அமெரிக்க டீச்சர், ஒரு கியூபா டீச்சர் என்று ஜோடியாக வேலை. காலையில் அவர் எங்கே விட்டார் என்று இவருக்குத் தெரியாவிட்டால் மதியம் பாடமே நடக்காது. எனவே உட்கார்ந்து பேசித் திட்டம் போடவே தனியாக நேரம் ஒதுக்கினார்கள். அமெரிக்கச் சான்றிதழ் இல்லாத கியூபாக்காரர்கள் உதவியாளர் என்ற பெயரில் சேர்ந்தார்கள். மியாமி பல்கலைக்கழகத்தில் அவர்களுக்காகவே மறுபயிற்சி நடந்தது. சொந்த ஊரில் கணக்கும் சரித்திரமும் நடத்தியவர்கள் இங்கே ஸ்பானிஷ் டீச்சர் ஆனார்கள். தாய்மொழி தானாக வருவது. அதையே தெரியாத குழந்தைக்குச் சொல்லித்தருவது முற்றிலும் வேறு வித்தை என்பதை அவர்கள் அங்கேதான் கற்றிருக்க வேண்டும். உதவியாளர் பதவி கௌரவக் குறைச்சல்தான். இருந்தாலும் கையில் மறுபடி சாக்பீஸ் வந்ததே!

1968ல் வந்த மதிப்பீட்டில், பாதி நாள் ஸ்பானிஷுக்குப் போனதால் குழந்தைகளின் ஆங்கிலப் படிப்பு கெடவில்லை என்று தெரிந்தது. பெற்றோர் பயந்தது அதற்குத்தான். ஆனால் ஆங்கிலக் குழந்தைகளின் ஸ்பானிஷ், கியூபாக் குழந்தைகளின் ஆங்கிலத்தை எட்டவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தெருவிலும் டிவியிலும் ஆங்கிலம்தானே.

அதே 1968ல் மத்திய அரசின் இருமொழிக் கல்விச் சட்டம் வந்தது. அது கோரல் வேயின் பாதி யோசனையைத்தான் எடுத்துக்கொண்டது. ஆங்கிலம் வராத ஏழைக் குழந்தைகளுக்கான உதவித் திட்டமாகவே அதை எழுதினார்கள். ஆங்கிலக் குழந்தைக்கும் இன்னொரு மொழி என்ற பகுதி காணாமல் போனது.

டேட் மாவட்டமே 1973ல் தன்னை இருமொழி மாவட்டமாக அறிவித்தது. 1980ல் மரியேல் துறைமுகத்திலிருந்து 1 லட்சத்து 25 ஆயிரம் கியூபர்கள் படகில் வந்து இறங்கிய அதே வருஷம், வாக்காளர்கள் அந்த அறிவிப்பை ரத்து செய்தார்கள். மாவட்ட அரசு பணத்தில் ஆங்கிலம் தவிர வேறு மொழிக்குச் செலவழிக்கக்கூடாது என்ற அந்த விதி 1993 வரை நீடித்தது. இத்தனை சண்டைக்கு நடுவிலும் கோரல் வேயில் ஸ்பானிஷ் வகுப்பு நிற்கவில்லை. அந்தப் பள்ளி இப்போது எட்டாம் வகுப்பு வரை வளர்ந்திருக்கிறது.