லினக்ஸ் வாசல் எளிதான வரலாறு

ஒரு பொருள் இலவசம் என்பதாலேயே அது எல்லாருக்கும் எட்டிவிடுமா? கணினி உலகில் இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டுமானால் லினக்ஸ் இயங்குதளத்தின் கதையைப் பார்க்கலாம். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். காசும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் தொடக்க ஆண்டுகளில் சாதாரண மனிதரால் அதைத் தம் கணினியில் ஏற்றிக்கொள்ள முடியவில்லை. வீடு இலவசமாகக் கிடைத்தும் வாசல் பூட்டிக் கிடந்தது. அந்தப் பூட்டைத் திறந்தது ‘இன்ஸ்டாலர்’ எனப்படும் நிறுவி மென்பொருள்.

1991ஆம் ஆண்டில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது இயங்குதளத்தின் கருவை மட்டுமே. மற்ற மென்பொருள்களைத் தேடிச் சேர்ப்பது பயனாளரின் பாடு. 1992 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் கணினி மையத்தைச் சேர்ந்த ஓவன் லெ பிளாங்க், திரையில் பட்டியலைப் பார்த்துத் தேர்வு செய்து ஏற்றக்கூடிய ஒரு தொகுப்பை உருவாக்கினார். 1993 ஜூலையில் அமெரிக்கரான பேட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர், 24 ஃபிளாப்பி தட்டுகளில் பதிந்துகொள்ளும்படி வந்தது. ஒவ்வொன்றாகச் செருகி வரும்போது நடுவில் ஒரு தட்டு பழுதாக இருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

தட்டுகளைவிடப் பெரிய தடையாக இருந்தவை நிறுவி கேட்ட கேள்விகள். கணினித் திரை தாங்கும் அதிர்வெண் எவ்வளவு என்று பயனாளரே சொல்ல வேண்டும். தவறான எண்ணைக் கொடுத்தால் அக்காலத்துக் குழாய்த் திரைகள் கெட்டுப்போகக்கூடும் என்று கையேடுகள் எச்சரித்தன. அடுத்து, வன்தட்டை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி வரும். அங்கே கை தவறினால் ஏற்கனவே இருந்த விண்டோஸோடு குடும்பப் படங்களும் கடைக் கணக்கும் பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும் சேர்ந்தே அழிந்துபோகலாம். லினக்ஸ் பக்கம் வரத் தயங்கியவர்களின் அச்சத்தில் நியாயம் இருந்தது.

இந்த நிலையை மாற்ற 1999இல் சில நிறுவனங்கள் முன்வந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் வந்த கால்டெரா ஓப்பன்லினக்ஸ் 2.2, ‘லிசார்ட்’ என்ற நிறுவியைக் கொண்டிருந்தது. படங்களும் பொத்தான்களுமாகச் சுட்டியால் இயக்கக்கூடியது அது. கோப்புகள் பின்னணியில் ஏறிக்கொண்டிருக்க, காத்திருப்பவர் திரையில் டெட்ரிஸ் விளையாடலாம். விண்டோஸை அழிக்காமல் வன்தட்டில் இடம் ஒதுக்கும் கருவியும் உடன் வந்தது. அதே ஆண்டு ரெட் ஹேட் 6.1, ‘அனகோண்டா’ என்ற நிறுவியுடன் வெளியானது.

அழகான திரை மட்டும் போதுமா? ஆழமான விடை டெபியன் குழுவிடமிருந்து வந்தது. இயன் மர்டாக் 1993இல் தொடங்கிய டெபியன், நிறுவக் கடினமானது என்று பெயரெடுத்திருந்தது. அதன் தன்னார்வலர்கள் பழைய நிறுவியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதினார்கள். 2005 ஜூனில் வெளிவந்த டெபியன் 3.1 அதைக் கொண்டிருந்தது. அதில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முக்கியத்துவ அளவு குறிக்கப்பட்டிருந்தது. கணினியே கண்டறியக்கூடியதைக் கணினி கண்டறிந்துகொள்ளும். பொதுவான விடை போதுமென்றால் அதையே எடுத்துக்கொள்ளும். மனிதர்தான் சொல்ல முடியும் என்ற கேள்விகளே திரைக்கு வரும். வல்லுநர்கள் விரும்பினால் மற்றக் கேள்விகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அச்சத்தைப் போக்கியது இன்னொரு வழி. 2000ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கிளாஸ் க்னோப்பர் வெளியிட்ட க்னோப்பிக்ஸ், வன்தட்டைத் தொடாமலே குறுந்தட்டிலிருந்து இயங்கியது. இந்த எண்ணத்தை நிறுவியோடு இணைத்தது 2006 ஜூனில் வந்த உபுண்டு 6.06. முதலில் குறுந்தட்டிலிருந்து இயக்கிப் பார்க்கலாம்; பிடித்திருந்தால் அதே திரையிலிருந்து நிறுவலாம். இதற்கான ‘யுபிகுவிட்டி’ நிறுவியின் தொடக்கப் பணியில் ஸ்பெயினின் அண்டலூசியா மாநில அரசுத் திட்டத்துக்கும் பங்குண்டு. 2010 அக்டோபரில் வந்த பதிப்பில், பயனாளர் விடையளித்துக்கொண்டிருக்கும்போதே கோப்புகள் பின்னணியில் ஏறத் தொடங்கின.

கேள்விகள் குறைந்தால் மட்டும் போதாது. அவை புரியும் மொழியிலும் வர வேண்டும். எழுத்து வடிவில் மட்டுமே இயங்கிய பழைய நிறுவித் திரையால் தமிழ் போன்ற மொழிகளின் கூட்டெழுத்துகளையும் கொம்பு, கால் போன்ற குறிகளையும் சரியாகக் காட்ட இயலவில்லை. 2007இல் வெளியான டெபியன் 4.0, வரைகலைத் திரையுடன் 58 மொழிகளில் வந்தது. தமிழும் அவற்றுள் ஒன்று. தன்னார்வலர்களின் மொழிபெயர்ப்பால், முதல் திரையிலேயே தமிழைத் தேர்ந்தெடுத்து நிறுவ வழி பிறந்தது.

ஆயினும் எளிமையை நோக்கிய ஒவ்வொரு முயற்சியும் வெற்றி பெற்றுவிடவில்லை. 2013 ஜனவரியில், பலமுறை தள்ளிப்போன பிறகு வந்த ஃபெடோரா 18, அனகோண்டா நிறுவியை முற்றிலும் மாற்றியமைத்திருந்தது. வரிசையாகக் கேட்பதற்குப் பதிலாக, ஒரே பக்கத்திலிருந்து வேண்டியதை வேண்டிய வரிசையில் முடிக்கும் முறை அது. ஆனால் வன்தட்டைப் பிரிக்கும் பகுதி பழகியவர்களையே குழப்பியது; கண்டனங்களும் எழுந்தன. மிக ஆபத்தான கேள்விதான் மிகத் தெளிவாகக் கேட்கப்பட வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

திரையின் அதிர்வெண்ணை இன்று யாரும் கேட்பதில்லை. மொழி, நேரம், விசைப்பலகை, பெயர், கடவுச்சொல் என்று சில விடைகளோடு வேலை முடிந்துவிடுகிறது. 2023இல் உபுண்டு தன் நிறுவியை மீண்டும் புதிதாக எழுதியது. ஆனால் வன்தட்டில் இருப்பதை அழிக்கலாமா, பழையதை வைத்துக்கொண்டு பக்கத்தில் இடம் ஒதுக்கலாமா என்ற கேள்வியை எந்த நல்ல நிறுவியும் தானே முடிவு செய்துகொள்வதில்லை. எந்தக் கோப்பு யாருக்கு எவ்வளவு அருமையானது என்பது கணினிக்குத் தெரியாது. எனவே அந்த விடையைச் சொல்லுமுன், வேண்டிய கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைப்பது இன்றும் பயனாளரின் கடமை.