திரியாயில் மாலை ஆறு, ரொறன்ரோவில் காலை எட்டரை

ஆடி மாதத்தில் ஒருநாள் மாலை ஆறு மணிக்கு இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துத் திரியாயில் ஊர்க்கூட்டம் என்று இணையத்தில் அழைப்பு அனுப்புங்கள். இலண்டனில் இருக்கும் மருமகனின் கைபேசி அதைப் பிற்பகல் ஒன்றரை என்று காட்டும். ரொறன்ரோவில் இருக்கும் சித்தியின் கைபேசி காலை எட்டரை என்று காட்டும். விரல்விட்டு எண்ண வேண்டிய வேலை எவருக்கும் இல்லை. இந்தச் சிறு வசதி கடலோடிகளையும் தந்திக்கம்பிகளையும் போர்களையும் மின்வெட்டையும் கடந்து வந்திருக்கிறது.

திரியாய்ப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்ட சமஸ்கிருதக் கல்வெட்டு, கடலோடும் வணிகக் கூட்டத்தாரைப் பேசுகிறது. அவர்கள் இறங்கிய ஒவ்வொரு துறைக்கும் அதற்கே உரிய உச்சிப்பொழுது இருந்தது. கொழும்பைவிடத் திரியாயில் சூரியன் நாலரை நிமிடம் முன்னதாக உச்சிக்கு வரும். பாய்மரத்தின் வேகத்தில் அந்த வேறுபாடு ஒருவரையும் உறுத்தவில்லை.

தந்தியும் ரயிலும் வந்ததும் உறுத்தியது. 1884இல் வாஷிங்டனில் கூடிய 25 நாடுகளின் மாநாடு கிரீனிச்சை உலகக் கணக்கின் தொடக்கமாகத் தேர்ந்தது. 1906இல் இலங்கையும் இந்தியாவும் கிரீனிச்சிலிருந்து ஐந்தரை மணி நேர வேறுபாட்டை ஏற்றன.

இரண்டாம் உலகப் போர் அதைக் கலைத்தது. 1942 ஜனவரியில் இலங்கைக் கடிகாரம் அரைமணி முன்னே நகர்ந்தது. ஏப்ரல் 9ஆம் தேதி திருகோணமலைத் துறைமுகத்தின்மேல் குண்டு விழுந்தபோது, கரையில் இருந்தவர்கள் கிரீனிச்சுக்கு ஆறு மணி முன்னே இருந்தார்கள். தாக்கிய ஜப்பானியக் கப்பல்களோ தோக்கியோ நேரத்தில் ஓடின. ஒரே தாக்குதல், இரு தரப்புக் குறிப்புகளில் மூன்று மணி நேர இடைவெளி! 1945 அக்டோபரில்தான் ஐந்தரை திரும்பியது.

பிறகு கணினி வந்தது. யுனிக்ஸ் இயங்குதளம் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணியது. ஊர் நேரமாக மாற்றும் விதிகளில் அமெரிக்க வழக்கம் மட்டுமே நிரலுக்குள் எழுதப்பட்டிருந்தது. 1980களின் நடுவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் அவ்விதிகளை நிரலிலிருந்து பிரித்து, எவரும் திருத்தக்கூடிய தரவுக் கோப்புகளாக்கினார். அதை லினக்ஸ், ஆப்பிள், ஜாவா, ஆண்ட்ராய்டு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதில் நம் நேர வலயத்தின் பெயர் 'ஆசியா/கொழும்பு'.

1996இல் அந்தக் கோப்புக்குச் சோதனை வந்தது. மின்நெருக்கடியால் மே 25 அன்று அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. அக்டோபர் 26இல் அரைமணி பின்னே இழுத்தது. விடுதலைப் புலிகள் எதையும் ஏற்காமல் ஐந்தரையிலேயே நின்றார்கள். போர்நிறுத்த ஆண்டுகளில் கொட்டியாரக் குடாவின் ஒரு கரையில் திருகோணமலை நகருக்கு ஒரு நேரம், மறுகரையில் சம்பூருக்கு அரைமணி பிந்திய நேரம். கோப்பைப் பேணிய பால் எகெர்ட், புலிகளின் பகுதி மக்கள் 'ஆசியா/கொல்கத்தா'வைப் பயன்படுத்தலாம் என்று குறித்துவைத்தார்.

2011இல் ஒரு சோதிட மென்பொருள் நிறுவனம், பழைய நேரத் தகவல்கள் தன் உரிமை என்று வழக்குத் தொடுத்தது. சோதிடருக்கு இதில் அக்கறை இருப்பது இயல்பே: 1996 ஆடியில் திருகோணமலையில் பிறந்த பிள்ளையின் கடிகார நேரத்தை ஒரு மணி பிசகிக் கணித்தால் இலக்கினமே மாறக்கூடும். மறு ஆண்டு வழக்கு கைவிடப்பட்டது. கோப்பும் இணையப் பெயர்களையும் எண்களையும் பேணும் ஐயானா அமைப்பின் பொதுப் பொறுப்புக்கு வந்துவிட்டது.

2006 ஏப்ரல் 15 அன்று இலங்கை மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. அதற்கு முன்பே மே மாதக் கூட்டமொன்றை மாலை ஆறுக்குக் குறித்து, மென்பொருள் அதைக் கிரீனிச் நேரமாக மட்டும் சேமித்திருந்தால், அழைப்பு ஐந்தரை என்று காட்டியிருக்கும். நடந்து முடிந்ததைக் குறிக்கக் கிரீனிச் கணக்குப் போதும். நடக்கப்போவதற்கு ஊர் நேரத்தோடு வலயத்தின் பெயரையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். ஏனெனில் கடிகாரத்தை நகர்த்தும் அதிகாரம் என்றும் அரசுகளின் கையில்தான் இருக்கிறது.