பழைய இரும்புக்குப் போடும் முன்: உங்கள் வீட்டுச் சைக்கிளின் வயது என்ன?



கூத்தாநல்லூரில் பழைய வீடுகளின் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்த சைக்கிள் ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருக்கும். கேட்டால், "எங்க அத்தா சபுர்லேர்ந்து கப்பல்ல கொண்டுவந்தது, வெள்ளைக்காரன் காலத்துது" என்பார்கள். மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வணிகத்துக்குப் போன ஊர் இது. ஆகவே அந்தச் சொல் மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சரிபார்க்க வழி உண்டு. அந்தச் சாட்சியைப் பழைய இரும்புக் கடைக்காரரைவிட நாமே அதிகம் அழித்துவிடுகிறோம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் கொஞ்சம் வரலாறு. சுதந்திரத்துக்கு முன் நம் பக்கம் ஓடிய சைக்கிள்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்து வந்தவை: நாட்டிங்காமின் ராலி, பர்மிங்காமின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. போன்றவை. 1949-இல் முருகப்பா குழுமம் ஓர் ஆங்கில நிறுவனத்துடன் சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூர் ஆலையிலிருந்து இந்திய ஹெர்குலிஸ் வந்தது. வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலி ஆலை எழுந்தது. சோனிப்பட்டில் அட்லஸ் 1951-இலும், லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் 1956-இலும் தொடங்கின. எனவே பெயர் ஒன்றாக இருந்தாலும் பிறந்த ஊர் வேறாக இருக்கலாம்.

இனி உங்கள் சைக்கிளைப் பாருங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே முன்பக்கம் உள்ள சின்னத் தகடு, பெயரையும் சில சமயம் ஊரையும் சொல்லும். பிரேம் எண், சீட் கம்பி இறங்கும் இடத்திலோ பெடல் அச்சுக்கு அடியிலோ பொறித்திருக்கும். எண்ணை மட்டும் நம்பி ஆண்டு சொல்ல முடியாது. பின் சக்கர ஹப் 'ஸ்டர்மி ஆர்ச்சர்' கியர் ஹப்பாக இருந்தால் அதிர்ஷ்டம். 1950-களைச் சேர்ந்த பலவற்றில் ஆண்டின் கடைசி இரண்டு எண்களும் மாதமும் பொறித்திருக்கும். ஆனால் அது ஹப்பின் வயது. சக்கரம் பிறகு மாற்றப்பட்டிருக்கலாம். அந்த நாளில் உள்ளாட்சிக்குச் சைக்கிள் வரி கட்டினால் தந்த உலோக வில்லை ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த ஆண்டில் வண்டி ஓடியது உறுதி. இரண்டு மூன்று சாட்சிகள் ஒத்துப்போனால்தான் முடிவுக்கு வர வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. ஒன்றை நான் மண்ணெண்ணெய் தொடாமல் ஈரத்துணியால் மெல்லத் துடைத்தேன். மங்கலாகச் 'சென்-ராலி' என்ற எழுத்து தெரிந்தது. "1940-இல் வாங்கியது" என்று அதுவரை சொல்லிவந்த கதை அன்றோடு முடிந்தது. மற்றொன்றைப் பெருநாளுக்கு அழகாக இருக்கட்டும் என்று முன்பே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எனாமல் அடித்துவிட்டோம். தகட்டையும் கழற்றி எங்கோ போட்டோம். அது எந்த ஊரில் பிறந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆகவே வேலை வரிசை இதுதான். முதலில் எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுங்கள். எழுத்து உள்ள இடத்தில் ஈரத்துணி மட்டும் போதும். ஈயம் பூசியதுபோல் மின்னும் பாகங்களில் உள்ள துருவை, அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போகும். இறுகிய போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஓரிரு நாள் பொறுங்கள், சுத்தியல் வேண்டாம். ஓவராயிலுக்கு விடும்போது பால்ரஸ், கிரீஸ் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இங்கிலாந்து ராலியின் மரை தனி அளவு. கடையில் கிடைக்கும் பாகத்தை வலுக்கட்டாயமாக முறுக்கினால் பிரேமின் மரை போய்விடும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு வண்டி இருந்தால், துடைப்பதற்கு முன் எடுத்த படத்தைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அதில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர் இன்னும் நம்மிடையே இருந்தால், அவர் சொல்வதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.