இருட்டில் பாடிய பெட்டி

வெளிநாட்டிலிருந்து வந்த என் மைத்துனர், ஒலிபெருக்கிக்கான தடித்த கம்பியொன்றைக் காட்டி விலையையும் சொன்னார். பிறகுதான் பாட்டைப் போட்டார். "ஆகா, என்ன தெளிவு!" என்றேன். அன்றிரவே வெட்கமாயிற்று. விலையைத்தானே என் காது கேட்டது?

இது பழைய வித்தை. எடிசனின் நிறுவனம் 1915 முதல் சுமார் 10 ஆண்டுகள் அமெரிக்க நகரங்களில் இதை நடத்திற்று. மேடையிலே பாடகியும், அவர் குரல் பதிந்த இசைத்தட்டுப் பெட்டியும். விளக்கு அணையும்; பாட்டு தொடரும். மீண்டும் எரியும்போது பாடகியைக் காணோம். பெட்டியல்லவா பாடியது! சபை திகைக்கும். அவ்வாறு பாடிய அன்னா கேஸ், இசைத்தட்டின் ஒலிக்கேற்பத் தம் குரலை அடக்கிப் பாடியதாக முதுமையில் ஒப்புக்கொண்டார்.

2007இல் கம்பிச் சோடியொன்று 7,250 டொலருக்கு விலைபோயிற்று. சாதாரணக் கம்பியிலிருந்து அதைக் காதால் மட்டும் பிரித்தறிவோருக்கு 10 இலட்சம் டொலர் தருவதாக மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் றண்டி அறிவித்தார். சஞ்சிகை விமர்சகர் ஒருவர் துணிந்து முன்வந்தார் (அவரைப் பாராட்டத்தான் வேண்டும்). கம்பி விற்றவர்களோ பின்வாங்கினர், சோதனை நடக்கவேயில்லை.

சில அடிச் செப்புக் கம்பி போதிய தடிப்பாயிருந்தால் அதன் தடை பொருட்படுத்தத்தக்கதன்று என்று எங்கள் பௌதிக ஆசிரியர் கணக்குப் போட்டே காட்டினார்.

கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்போமா என்றேன் மைத்துனரிடம். தேநீர் ஆறுகிறது என்றார்.