காகிதப் பொட்டலமும் வீட்டு விதையும்

அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்துக்கான விதையைச் சிறு காகிதப் பொட்டலங்களில் அடைத்து விற்கும் வழக்கத்தைப் பரவலாக்கியவர்கள், சொத்தைப் பொதுவில் வைத்து மணத்துறவு பூண்டு வாழ்ந்த ஷேக்கர் என்னும் கிறித்தவச் சமயக் குழுவினர் ஆவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்விலியட், நியூ லெபனான் ஆகிய ஊர்களில் தொடங்கிய இத்தொழிலில், காகிதத்தை அளவாக வெட்டி, மடித்து, ஒட்டி, காய்கறியின் பெயரை அச்சிட்டு, லெட்டூஸ், வெள்ளரி, முள்ளங்கி, பீட்ரூட் முதலிய விதைகளை நிரப்பி, மரப்பெட்டிகளில் அடுக்கிக் குதிரை வண்டிகளில் ஊர் ஊராக அனுப்பினர். சிற்றூர்க் கடைகளில் வைத்துச் சென்ற பெட்டிகளைப் பருவம் முடிந்ததும் திரும்பப் பெற்று, விற்றதற்கு மட்டும் பணம் வாங்கினர். வெளியாரிடம் வாங்கிய விதையைத் தம் விதையோடு கலப்பதில்லை என்று இவ்விரு ஊர்களும் ஹேன்காக் ஊரும் 1819இல் எழுதிக் கையெழுத்திட்ட உடன்படிக்கை, அவர்களுடைய நேர்மைக்குச் சிறந்த சான்றாகும்.

அலங்காரப் பூக்களில் ஷேக்கர்களுக்கு நாட்டம் இல்லாமையால், பூ விதை வணிகம் பிறர் கையில் வளர்ந்தது. ராச்செஸ்டர் நகரின் ஜேம்ஸ் விக், வண்ணப் படங்கள் நிறைந்த விலைப்பட்டியல்களை அஞ்சலில் அனுப்பி, இல்லத்தரசிகளையும் பூ வளர்ப்பில் ஈர்த்தார். 1876இல் பிலடெல்பியாவில் தொடங்கிய பர்ப்பி நிறுவனம், 1894இல் ஐஸ்பெர்க் லெட்டூஸ் வகையையும், 1949இல் பிக் பாய் என்னும் கலப்பினத் தக்காளியையும் அறிமுகம் செய்தது. கலப்பினம் என்பது இரு வேறு பெற்றோர் வகைகளைச் சேர்த்துப் பெறும் முதல் தலைமுறை ஆகும். அதன் பழத்திலிருந்து எடுக்கும் விதை தாயைப் போன்ற செடியைத் தருவதில்லை என்பதால், தோட்டக்காரர் ஆண்டுதோறும் புதிய பொட்டலத்தை வாங்க வேண்டியவரானார். விளைச்சலில் கலப்பினம் தந்த பயனை மறுக்க முடியாது. ஆயினும், விதை எடுத்து வைக்கும் பழக்கம் வீடுகளில் தளர்ந்ததும், குடும்பங்கள் தலைமுறைகளாகக் காத்துவந்த வகைகள் பல அழிந்ததும் அதைவிடப் பெரிய இழப்பு.

இவ்விழப்பைத் தடுக்க முனைந்தோருள் கென்ட் வீலி, டயான் ஆட் வீலி இணையர் முதன்மையானவர்கள். டயானின் பாட்டனார், பவேரியாவிலிருந்து குடிபெயர்ந்த முன்னோர் கொண்டுவந்த மார்னிங் குளோரி என்னும் ஊதாப் பூக்கொடியின் விதையையும் ஜெர்மன் பிங்க் தக்காளி விதையையும் அவர்களிடம் ஒப்படைத்தார். அவற்றைக் கொண்டு 1975இல் அவர்கள் தொடங்கிய விதைப் பரிமாற்ற அமைப்பு, பின்னர் அயோவா மாநிலத்து டெக்கோரா நகருக்கு அருகே பண்ணை அமைத்து, பழைய வகைகளை விதைத்துப் புதுப்பித்து வருகிறது.

லெட்டூசும் தக்காளியும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், கலப்பினம் அல்லாத வகைகளின் விதையை வீட்டிலேயே எடுக்கலாம். தக்காளியின் விதையைச் சாற்றோடு சில நாள் புளிக்கவிட்டு, மேலுள்ள வழுவழுப்பு நீங்கக் கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும். லெட்டூஸில் ஒரு செடியைப் பறிக்காமல் பூக்கவிட்டாலே அடுத்த பருவத்துக்கு வேண்டிய விதை கிடைத்துவிடும். இவ்வளவு எளிய கைத்திறனை வீடுகள் மறந்திருக்க வேண்டியதே இல்லை.