அழிந்த டிஸ்க்கும் தொலைந்த எழுத்தும்

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் தவறான ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் அடித்துவிட்டு உள்ளே இருந்ததை மீட்கும் வேலை, டி.டி.பி. கடைகளோடு சேர்ந்தே வளர்ந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டு, விழுப்புரம் தனி மாவட்டத்தின் தலைநகரானது. மாவட்ட அலுவலகங்களைச் சுற்றி மனு, பத்திரம், அழைப்பிதழ் அடிக்கும் வேலை பெருகியது. தாலுகா தலைநகரான திண்டிவனத்திலும் தட்டச்சுப் பொறியின் இடத்துக்கு மெல்லக் கணினி வந்தது. ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, சி டிரைவில் விண்டோஸையும் டி டிரைவில் வாடிக்கையாளர் வேலைகளையும் வைப்பது வழக்கம். கணினி மந்தமானாலோ வைரஸ் புகுந்தாலோ சி டிரைவை ஃபார்மட் அடித்து மறுபடி விண்டோஸ் போடுவார்கள்.

தவறு நேர்ந்ததற்குக் கவனக்குறைவை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. எம்.எஸ். டாஸும் விண்டோஸ் 98-உம் டிரைவ்களுக்குப் பெயர் வைத்த முறையே ஒரு கண்ணி. மாட்டியிருக்கும் எல்லா டிஸ்க்குகளின் முதன்மைப் பகுதிகளுக்கும் முதலில் எழுத்து தரப்படும். உட்பிரிவுகளுக்கு அதன் பிறகுதான். இடம் போதவில்லை என்று இரண்டாவது டிஸ்க்கை மாட்டி அதில் முதன்மைப் பகுதி அமைத்தால், புதியதுதான் டி ஆகும். அதுவரை டி என்றிருந்த உட்பிரிவு இ ஆகிவிடும். புதியது கடைசியில்தானே வரும் என்று நம்பி இ டிரைவை ஃபார்மட் அடித்தவரின் பல வருட வேலை அந்த நொடியில் கண்ணுக்கு மறைந்தது.

மறைந்ததே தவிர, அழியவில்லை. அந்நாளைய ஃபார்மட், கோப்புகளின் பெயரும் இருப்பிடமும் எழுதப்பட்ட அட்டவணையை மட்டுமே துடைத்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அட்டவணைப் புத்தகம் தொலைந்தாலும் பத்திரத் தொகுதிகள் அலமாரியிலேயே இருப்பது போன்ற நிலை அது. இதைப் பயன்படுத்தி, நீக்கிய கோப்பை மீட்கும் கருவியை 1982-இல் நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் தந்தது. 1991-இல் வெளிவந்த எம்.எஸ். டாஸ் 5-இலேயே அதற்கான கட்டளைகள் இடம்பெற்றன. 1998-இல் பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே தொடங்கிய டெஸ்ட்டிஸ்க், டிஸ்க்கில் தொலைந்த பகுதிகளைத் தேடிக் கண்டுபிடித்தது. அதை இலவசமாகவே தந்தது பெரிய உபகாரம். அதன் துணைக் கருவியான ஃபோட்டோரெக், அட்டவணையை நம்பாமல் ஒவ்வொரு கோப்பு வகையும் தொடங்கும் விதத்தைப் பார்த்தே படங்களையும் ஆவணங்களையும் எடுத்தது. ஆனால் பழைய பெயர்கள் திரும்பாது. துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்ட பெரிய கோப்புகள் பெரும்பாலும் முழுதாகக் கிடைக்காது. பழைய தடத்தின் மேல் புதிதாக எதுவும் பதியக்கூடாது என்பதால், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டியே இதைச் செய்ய வேண்டும்.

தமிழ்க் கோப்புகளுக்கு இதோடு முடியவில்லை. பாமினி, வானவில், ஸ்ரீலிபி என ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. எழுத்துருக்கள் இருந்ததோ விண்டோஸுக்குள், அதாவது சி டிரைவில். அதுவும் போயிருந்தால், மீண்டு வந்த பத்திரம் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக நின்றது. எந்த எழுத்துருவில் அடித்தது என்று நினைவுபடுத்தி, அதே எழுத்துருவைத் தேடிப்பிடித்து நிறுவிய பிறகே தமிழ் தெரிந்தது. ஒரே கோப்பை இரண்டு முறை மீட்க வேண்டியிருந்த இந்தச் சுமையைக் கணினி வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். விண்டோஸ் 2000-இல் பொதுக் குறியாக்கமான யூனிகோடில் தமிழும் லதா எழுத்துருவும் வந்தன. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. யூனிகோடில் அடித்ததைப் படிக்கக் குறிப்பிட்ட ஓர் எழுத்துரு தேவைப்படவில்லை.

இதற்கிடையே முதல் மீட்பு, அதாவது டிஸ்க்கிலிருந்து கோப்பை எடுப்பது, கடினமானது. விண்டோஸ் விஸ்டா முதல், முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதிலும் பூஜ்யங்களை எழுதுகிறது. விரைவு ஃபார்மட்டில்தான் பழைய தரவு தங்கும். 2009-இல் வந்த விண்டோஸ் 7, சுழலாத டிஸ்க்குகளான எஸ்.எஸ்.டி.க்களுக்கு டிரிம் என்னும் கட்டளையை அனுப்பத் தொடங்கியது. நீக்கிய இடம் இனி தேவையில்லை என்று அது சொன்னதும், எஸ்.எஸ்.டி. தானாகவே அந்த இடத்தைத் துடைத்துவிடும். விரைவு ஃபார்மட்டுக்கும் இது பொருந்தும். ஆகவே டெஸ்ட்டிஸ்க்கும் ஃபோட்டோரெக்கும் இன்றும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலும் மெமரி கார்டிலும் நன்றாக வேலை செய்கின்றன. டிரிம் ஓடி முடிந்த எஸ்.எஸ்.டி.யில் அவற்றுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை.