பம்பளிமாஸ் வீட்டுப் பிள்ளை

நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பம்பளிமாஸ் மரம் நின்றது. டச்சுக்காரர்களின் ‘பொம்பல்மூஸ்’தான் நம் வாயில் பம்பளிமாஸ் ஆனது. 1690 முதல் 1781 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் எங்கள் ஊர். சுளையை உரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி அம்மா கொடுப்பார். பிறகு நான் முப்பத்தைந்து வருடம் மருந்துக்கடையில் நின்றேன். “மாத்திரையோட பழம் சாப்பிடலாமா சார்?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் “தாராளமா” என்றே சொல்லிவந்தேன். அது தப்பு என்று தெரிந்த நாள் இன்னும் உறுத்துகிறது.

பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து மேற்கிந்தியத் தீவான பார்படோஸில் பிறந்த பழம் கிரேப்ஃப்ரூட். திராட்சைக் குலைபோல் கொத்தாகக் காய்ப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். 1750இல் கிரிஃபித் ஹியூஸ் பாதிரியார் அந்தத் தீவைப் பற்றி எழுதிய நூலில் ‘விலக்கப்பட்ட கனி’ என்று ஒரு பழம் வருகிறது. கிரேப்ஃப்ரூட்டின் முதல் தடயமாகப் பலரும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

அதற்குப் பிறகு இருநூறு வருடங்களுக்கு மேல் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. கனடாவின் லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்ற மருந்தியலாளர், ஃபெலோடிபின் என்ற பிரஷர் மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். குடிப்பது மதுவா வெறும் சாறா என்று சோதனைக்கு வந்தவர்களுக்குத் தெரியக்கூடாது. மதுவின் ருசியை மறைக்க வீட்டில் ஒவ்வொரு சாறாகக் கலந்து பார்த்தார். கிரேப்ஃப்ரூட் சாறுதான் சரியாக மறைத்தது. முடிவு வந்தபோது, மது குடித்தவர்கள், குடிக்காதவர்கள் இரு சாராருக்கும் இரத்தத்தில் மருந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இருந்தது. பெய்லி மாத்திரையைத் தானே விழுங்கிப் பார்த்தார்: ஒரு தடவை தண்ணீரோடு, ஒரு தடவை சாறோடு. சாறோடு விழுங்கியபோது அளவு ஐந்து மடங்கு. 1989இல் முதல் கட்டுரை வந்தது. 1991இல் ‘லான்செட்’ இதழில் வந்த பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

விஷயம் குடல் சுவரில் இருக்கிறது. அங்குள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி, விழுங்கிய மருந்தில் பெரும்பங்கை வாசலிலேயே சிதைத்துவிடும். ஃபெலோடிபினில் நூற்றுக்கு 15 பங்குதான் இரத்தத்துக்குப் போய்ச் சேரும். அதற்கேற்பத்தான் மாத்திரையின் அளவையே வகுத்திருக்கிறார்கள். கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபுரானோகூமரின்கள் அந்த நொதியை மீளாதபடி முடக்கிவிடுகின்றன. குடல் புதிதாக நொதியைச் செய்துகொள்ளும்வரை, ஒரு நாளுக்கு மேலும், காவல் இல்லாத வாசல்தான். கொழுப்புக்குத் தரும் சிம்வாஸ்டாடினுக்கும், சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரினுக்கும் இதே கதி.

பம்பளிமாஸிலும் அந்தச் சேர்மங்கள் உண்டு. ரகத்துக்கு ரகம் அளவு மாறும். இதைப் படித்த பிறகு, மாத்திரைக் கவரின் மேல் சிவப்பு மையில் ‘பம்பளிமாஸ் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். சைக்ளோஸ்போரின் வாங்க வந்த ஓர் அம்மா அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: “காலையில மாத்திரை, சாயங்காலம் ரெண்டு சுளை மட்டும்னா?”

“அப்பவும் வேண்டாம்மா” என்றேன்.